துருக்கோட்டையும் என் தங்கச்சியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ‘துருக்கோட்டை’ ஒரு மோசமான கேம். விமர்சகர்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாலும் மோசம் மோசம்தான். ஓடு, குதி, வாளை வீசு, எதிரி அடிக்க வரும்போது சரியான நேரத்தில் பட்டனை அமுக்கித் தடு. இவ்வளவுதான் ஆட்டம். அந்தத் தடுக்கிற வேலைதான் அதில் ஒழுங்காக நடக்காது. ஓட்டலில் சோறு வேகாமல் வந்தால் தட்டைத் திருப்பி அனுப்புகிறவர்கள், இந்த கேமில் மட்டும் வேகாத சோற்றுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறார்கள்.

வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். ஆமாம், வயிற்றெரிச்சலேதான். பெரிய கம்பெனி எதுவும் செய்த கேம் இல்லை அது. எங்கள் அம்மா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து செய்தது. விதிகளையும் சண்டையையும் எழுதியது என் மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி புருஷன். கோட்டை, கிணறு, காவலர்கள், சுவரில் வழிகிற துரு என்று கண்ணுக்குத் தெரிகிற அத்தனையையும் வரைந்தவள் என் தங்கச்சி. அவள்தான் வரைந்தாள் என்று எந்த விமர்சனத்திலும் ஒரு வரி கிடையாது. கேமின் முடிவில் ஓடுகிற பட்டியலில் அவள் பெயரை ‘உதவி’ என்ற தலைப்பின் கீழே போட்டிருக்கிறார்கள். அவளுக்கு மேலே கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர் இருக்கிறார்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லையே, நானாவது சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு அச்சகத்தில் லேபிள் வரைந்துகொண்டிருந்தாள். இருமல் மருந்து, சோப்பு, கொசுவத்தி, எலி பாஷாணம். கடை அலமாரியில் நீங்கள் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கிறீர்களே, அந்த மாதிரிப் பொருள்களின் மேல் இருக்கிற படங்கள். அச்சக முதலாளி கஞ்சன். “மூணு கலர்ல முடிச்சுக் கொடும்மா, நாலாவது கலர் கேட்டா என் தலையில கை வெக்கிற” என்பார். மூன்றே நிறத்தில் பொழுது விடிவதையும் காட்டுவாள், எலி சாவதையும் காட்டுவாள். அங்கே இருந்தது பழைய இயந்திரம். ஒரு நிறம் அச்சாகும்போது காகிதம் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். அது தெரியாமல் இருக்க, எதை வரைந்தாலும் சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு போடுவாள். அந்தப் பழக்கம் கையில் ஏறிவிட்டது. துருக்கோட்டையைத் தூரத்திலிருந்து பார்த்தாலே இன்ன கேம் என்று தெரிகிறதே, அந்தக் கோட்டால்தான்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அச்சகத்தில் சரக்கு ஏற்றுகிற லிஃப்ட் நடுவில் நின்றுபோய், எலி பாஷாண லேபிள் கட்டுகளோடு என் தங்கச்சி உள்ளே மாட்டிக்கொண்டாள். கதவை நெம்பித் திறந்தவர் அவர். அப்படித்தான் ஆரம்பித்தது. நல்ல மனுஷன், அதிர்ந்து பேச மாட்டார், பார்த்ததும் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. கல்யாணமான பிறகு அம்மா வீட்டிலேயே இருந்தார்கள். வேலை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். கேம் செய்கிற வித்தையை அவராகவே கற்றுக்கொண்டார், அதை நான் மறுக்கவில்லை. தங்கச்சி அச்சக வேலையை விட்டுவிட்டு அவருக்காக வரைய உட்கார்ந்தாள். நான் கூரியர் கிடங்கில் வேலை செய்கிறவன். விடுமுறை நாளில் போய் விளையாடிப் பார்த்துக் குறை சொல்வது என் பங்கு. சின்ன வயதிலிருந்து நானும் தங்கச்சியும் கேம் விளையாடித்தான் வளர்ந்தோம். அதனால் எனக்குக் குறை சொல்ல நன்றாகவே வரும்.

அந்தத் தடுக்கிற வேலை எப்படிக் கெட்டது என்பதற்கு இப்போது வருகிறேன். கேமை எப்போதும் அம்மாவின் டிவியில் போட்டுத்தான் பார்ப்பார்கள். வீட்டில் பெரிய திரை அது ஒன்றுதான். அம்மாவுக்கு சீரியலில் முகங்கள் வழவழவென்று தெரிய வேண்டும். அதற்கு டிவியில் ஒரு செட்டிங் உண்டு. வருகிற படத்தை வாங்கி, மெருகேற்றி, அப்புறம் காட்டும். அந்த மெருகேற்றுகிற வேலைக்கு ஒரு இமைப்பொழுது பிடிக்கும். சீரியல் பார்க்கிறவர்களுக்கு அதில் என்ன நஷ்டம்? மாமியார் அறைவது ஒரு இமைப்பொழுது தாமதமாக விழுந்தால் யாருக்கும் வலிக்கப்போவதில்லை. ஆனால் சண்டை கேமுக்கு அந்த இமைப்பொழுதுதான் உயிர். கேமுக்குள் எதிரியின் வாள் ஏற்கெனவே விழுந்திருக்கும், திரையில் அப்போதுதான் ஓங்கிக்கொண்டிருப்பான்.

“அந்த செட்டிங்ல மட்டும் கை வெச்சீங்க, நடக்கிறதே வேற. கதாநாயகி மூஞ்சி கருத்துப்போகுது” என்று அம்மா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். மாமியார் பேச்சை மாப்பிள்ளை தட்டவில்லை. தான் தடுக்கிற அடியெல்லாம் தவறுகிறதே என்று பார்த்தார். டிவியைச் சந்தேகப்படாமல், கேமைத் திருத்தினார். தடுப்பதற்கான நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் அம்மாவின் டிவியில் சண்டை வெண்ணெய் மாதிரி ஓடியது. நானும் கைதட்டினேன். மற்ற எந்தத் திரையில் போட்டாலும், எதிரி அடிக்கிறபோது சரியாகத் தடுத்தால் அடி விழும். அடியை வாங்கிக்கொண்டு, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் தடுத்தால் தடுத்ததாகக் கணக்கு.

இதை முதலில் கண்டுபிடித்தவள் தங்கச்சிதான். வெளியிடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் புது லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

“ஏங்க, இது தப்பா இருக்கு. அடி பட்டதுக்கு அப்புறம் தடுக்குது. நம்ம டிவிக்கு ஏத்த மாதிரி செஞ்சு வெச்சிருக்கீங்க” என்றாள்.

மாப்பிள்ளை தானும் விளையாடிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. “தேதி சொல்லியாச்சேம்மா. இப்ப கை வெச்சா எல்லாச் சண்டையையும் மாத்தணும். வெளிய விட்டுட்டு அப்புறமா சரி பண்ணிக்கலாம்.”

வெளியே விட்டார்கள். ஒரு பெரிய விமர்சகர், அவருக்கு நான் வைத்திருக்கிற பெயர் தத்துவம், இணையப் பத்திரிகையில் ஒரு நீளமான கட்டுரை எழுதினார். ‘அடியை ஏற்றுக்கொண்ட பிறகே எதிர்ப்பு பிறக்கிறது என்று இந்தப் படைப்பு நம் விரல்களுக்குக் கற்றுத் தருகிறது’ என்று அதில் ஒரு வரி. விரலுக்குக் கற்றுத் தருகிறதாம்! அவருக்குப் பின்னால் ஊரே அதைப் பாட ஆரம்பித்தது. ஒற்றை மனிதர் செய்த சாதனை என்று இன்னொருவர் எழுதினார். லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் தன்னந்தனியாக உட்கார்ந்து செய்தார் என்றால் கதை நன்றாக இருக்கிறதல்லவா, எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை அப்படி எங்கேயும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. படங்களைப் பற்றித் தத்துவம் எழுதியது ஒரே ஒரு வாக்கியம். ‘காட்சிகள் எளிமையானவை, உறுத்தாமல் ஒதுங்கி நிற்கின்றன.’

நியாயமாகவே பேசுகிறேன். அந்த கேமில் தண்ணீர் புகுந்த படிக்கட்டு ஒன்று வரும். மூன்றே நிறம். மேலே பச்சை, கீழே கறுப்பு, நடுவில் துருவின் செம்மண் நிறம். எத்தனையோ தடவை அங்கே நான் விளையாட்டை மறந்து நின்றிருக்கிறேன். எவனாவது பின்னால் வந்து வெட்டிச் சாய்த்துவிட்டுப் போவான், அப்போதும் கோபம் வராது. அந்த கேமுக்குப் புகழ் வந்தது தப்பில்லை. தப்பான இடத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள்.

“மாப்ள, அந்தத் தடுக்கிறதை இனிமேலாவது சரி பண்ணிடுங்க” என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

“மச்சான், இப்ப சரி பண்ணா ஜனங்க சண்டைக்கு வருவாங்க. அதுதான் கேமோட உயிருன்னு சொல்றாங்க.”

“உயிரா? அது எங்கம்மா சீரியல் பாக்குற செட்டிங்கு.”

“உங்களுக்கு எல்லாமே கிண்டல்” என்று எழுந்து போய்விட்டார். கொம்பு முளைக்கிறது என்பார்களே, அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

பிறகு தத்துவமே வீட்டுக்கு வந்து பேட்டி எடுப்பதாகத் தகவல் வந்தது. அம்மா சோபா உறையெல்லாம் மாற்றினாள். அன்று காலையில் தங்கச்சி தன் புருஷனிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“அவரு வரும்போது ஒரு வார்த்தை சொல்லிடுங்க, படமெல்லாம் நான் வரைஞ்சேன்னு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

“சொல்றேன்மா. சொல்லாம இருப்பேனா?”

அவள் சந்தோஷத்தில் எனக்கும் சேர்த்து ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். அத்தனை லேபிள் வரைந்தவள் அவள். அந்த சோப்பு வரைந்தது யார், இந்த எலி வரைந்தது யார் என்று எவரும் கேட்டதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை. அது முதலாளியின் சரக்கு. இது அவள் வீட்டில், அவள் புருஷனோடு செய்தது. இங்கேயும் ஒருவரும் கேட்காவிட்டால் அவள் எங்கே போவாள்?

தத்துவம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தோளில் கேமராவோடு வந்தார். பணிவானவர்தான், அம்மாவைப் பார்த்து எழுந்து நின்றார். நோட்டுப் புத்தகம் எல்லாம் கிடையாது, போனை மேசையில் வைத்துப் பேச்சைப் பதிவு செய்தார். அந்தத் தாமதம் உங்களுக்கு எப்படித் தோன்றியது என்பதுதான் முதல் கேள்வி.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. பட்டனை அமுக்கின உடனே லிஃப்ட் வந்துடாது. மனுஷன் காத்திருக்கணும். வாழ்க்கையும் அப்படித்தானே?”

எனக்கு டீ புரையேறிவிட்டது. அதற்கு மேல் பொறுக்க என்னால் ஆகவில்லை. “சார், அவரு உங்க காதுல பூ சுத்துறாரு. அது எங்கம்மா டிவி. இந்த டிவில படம் லேட்டா வரும், அதை வெச்சு கேமைப் பண்ணிட்டாரு. அவ்வளவுதான் விஷயம்.”

“என் டிவிக்கு என்னடா குறைச்சல்?” என்றாள் அம்மா.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். தத்துவத்தின் மூக்கு உடையும் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “அடடா! ஒரு தாயோட டிவியிலேர்ந்து பிறந்த தாமதம். இது இன்னும் நல்லா இருக்கே!” என்றார். அம்மாவையும் டிவியையும் சேர்த்து நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். இவர்களிடம் போய் உண்மையைச் சொன்னேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அடுத்துத் தத்துவம் கேட்டார்: “படங்கள்? அதையும் நீங்களே வரைஞ்சீங்களா?”

தங்கச்சி டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஒரு முறை அவளைப் பார்த்தார். அப்புறம் போனைப் பார்த்தார், அது பதிவு செய்துகொண்டிருந்தது.

“அது வந்து... கலர் அடிக்கிறதுக்கு வீட்ல கொஞ்சம் உதவி பண்ணாங்க” என்றார்.

தங்கச்சி தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் டீ சாசரில் சிந்தியது.

தத்துவத்துக்கு இது எதுவும் தெரியவில்லை. “வரையற மாதிரி ஒரு போட்டோ வேணுமே சார். அந்தக் கதவுக்காவலன் இருக்கானே, அவனை வரைங்களேன்” என்று கேட்டார். அந்தக் காவலன்தான் கேமில் எல்லோரையும் அலற வைக்கிற முரடன். தங்கச்சியின் வரைபலகையை, திரையிலேயே பேனாவால் வரைகிற அந்தக் கருவியை, எடுத்து மாப்பிள்ளையின் மடியில் அவரே வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை பேனாவைப் பிடித்தார். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற பிடி. ஒரு கோடு போட்டார், அழித்தார், இன்னொன்று போட்டார். காவலன் கால் முளைத்த கேஸ் சிலிண்டர் மாதிரி எழுந்து நின்றான். தத்துவம் தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் நெற்றி வேர்த்துவிட்டது. “மணிக்கட்டு வலிங்க. லிஃப்ட் வேலை, தெரியுமில்ல” என்றார். எனக்கே ஒரு நொடி பாவமாகப் போய்விட்டது.

“குடுங்க” என்றாள் தங்கச்சி.

பக்கத்தில் உட்கார்ந்து பலகையை வாங்கினாள். முதலில் அந்தத் தடித்த கறுப்புக் கோடு. பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் தோள், முதுகு, தொங்குகிற கை. தலையைக் கடைசியில்தான் போட்டாள், குனிந்த தலை. காவலன் கதவைக் காப்பவனாக இல்லாமல் அதன் பின்னால் அடைபட்டவனாகத் தெரிந்தான். தத்துவத்தின் கேமரா விடாமல் சொடுக்கிக்கொண்டே இருந்தது. முடித்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

“நான்தாங்க வரைஞ்சேன். கேம்ல இருக்கிற எல்லாத்தையும்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தத்துவம் கேமராவை இறக்கிவிட்டு மாப்பிள்ளையிடம் திரும்பினார். “அப்படியா சார்?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். மாப்பிள்ளை சிரித்தார்.

“பாத்துப் பாத்து அவங்களும் நல்லாப் பழகிட்டாங்க” என்றார்.

அந்தச் சிரிப்புக்காகவே அவரை அறைந்திருப்பேன். அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தங்கச்சி எழுந்து உள்ளே போனாள். தத்துவம் டீயைக் குடித்து முடித்து, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

கட்டுரை வந்தது. அம்மாவும் டிவியும் பாதிப் பக்கம். அதற்குக் கீழே ஒரு கையின் படம், மணிக்கட்டு வரைக்கும் வெட்டி எடுத்திருந்தார்கள். பேனா, பலகை, பாதி எழுந்த காவலன். கீழே எழுதியிருந்தது: ‘படைப்பாளியின் கை.’ அந்த நகங்களில் அரைகுறையாக உரிந்துபோன சிவப்பு நகப்பூச்சு இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் எப்போதிலிருந்து நகப்பூச்சு போட ஆரம்பித்தார் என்று ஒரு வாசகனாவது கேட்பான் என்று பின்னூட்டம் எல்லாவற்றையும் படித்தேன். ஒருவன் அதைப் பற்றி எழுதியிருந்தான். ஆண்கள் இப்படிக் கூச்சப்படாமல் அலங்காரம் செய்துகொள்வது பாராட்டத்தக்கது என்று எழுதியிருந்தான்.

தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு ஒரு மூச்சு அழுதாள். “என் கையை எடுத்து அவருக்கு ஒட்டிட்டாங்களே அண்ணா” என்றாள். நான் மாப்பிள்ளையையும் தத்துவத்தையும் தெரிந்த வசவு எல்லாம் வைது தீர்த்தேன். என்ன பிரயோஜனம்? தத்துவத்துக்கு நான் எழுதிய பின்னூட்டத்தின் கீழே, பொறாமை என்று யாரோ பதில் போட்டிருந்தார்கள்.

அவள் அச்சகத்துக்கே திரும்பிப் போய்விட்டாள். கஞ்ச முதலாளி வாசல் வரைக்கும் வந்து கூட்டிக்கொண்டு போனாராம். வீட்டில் அவளும் மாப்பிள்ளையும் சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன் என்ற அளவில்தான் பேசிக்கொண்டார்கள். அந்த மனிதருக்கு அது உறைத்ததா என்பது தெரியவில்லை, ஏனென்றால் அதற்குள் ஒரு கம்பெனி துருக்கோட்டையின் இரண்டாம் பாகத்துக்கு ஒப்பந்தம் போட வந்துவிட்டது. புதுக் கோட்டை, புதுக் காவலர்கள், மாதிரிக்குச் சில படங்கள் உடனே வேண்டும் என்று கேட்டார்களாம்.

அன்று நான் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். தங்கச்சி முன்னறையில் உட்கார்ந்து ஒரு இருமல் மருந்து லேபிளுக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரொம்ப நாளுக்கப்புறம் அவர் குரலில் அந்தப் பழைய சாந்தம்.

“கம்பெனியில கேக்கறாங்கம்மா. எப்ப ஆரம்பிக்கலாம்?”

“எதை?”

“வரையறதைத்தான். கதவுக்காவலன் மாதிரியே இன்னும் பெருசா ஒருத்தன் வேணுமாம். நீதான் போடணும். நாம ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச கேம் தானே?”

தங்கச்சி பேனாவைக் கீழே வைத்தாள். கோபமாகக்கூட இல்லை அவள் முகம்.

“இந்த ‘நாம’வை அன்னிக்கு அந்த மனுஷன் முன்னாடி ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா, நூறு காவலன் வரைஞ்சு குடுத்திருப்பேங்க” என்றாள்.

“இப்ப சொல்றேனே...”

“இப்ப யாரு இருக்கா இங்க? அண்ணனும் அம்மாவும்தானே. இவங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.”

மாப்பிள்ளை உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன்.

“மாதிரிப் படம் இல்லைன்னா ஒப்பந்தம் போயிடும்மா. நான் என்ன பண்றது, சொல்லு?”

அவள் லேபிளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

“உங்க கைதான் பத்திரிகையில வந்திருக்கே. அதை வெச்சு வரைங்க.”